அப்பாமார் உள்ளே, பிள்ளைகள் வெளியே

முத்தலைப்பட்டினம் கல்லூரி நூலகத்துக்குப் புது மென்பொருள் வந்து இறங்கிய ஆடி மாதத்தில், உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலையில், மாணவர்கள் எல்லோரும் வாசல் தடுப்புக்கு வெளியே நின்றுவிட, அவர்களுடைய அப்பாமார் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். உப்பளத்தில் வேலையாக இருந்தவர் உப்பு வாரும் பலகையோடு வந்தார், சவரக்கடைக்காரர் ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு பூசிய ஆளை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தார், கடலில் நின்றவர் ஈரக் கைலியோடு வந்தார், செத்துப்போனவர்கள் போனபோது எப்படி இருந்தார்களோ அப்படியே வந்தார்கள். வாசல் வழியாக யாரும் நுழையவில்லை. பிள்ளை வாசல் கணினியில் பெயரும் கடவுச்சொல்லும் அடிப்பான், 'இப்படி ஒருவர் இல்லை' என்று திரை சொல்லும், அந்தக் கணமே அவனைப் பெற்றவர் உள்ளே ஒரு நாற்காலியில் இருப்பார். காவல்காரர் அவர்களிடம் செருப்பை மட்டும் வாங்கி வெளியே அடுக்கிவைத்தார். யாராக இருந்தாலும் சட்டம் சட்டம்தானே.

காரணம் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கல்லூரியில் இருக்கும் அத்தனை பேருடைய பெயரும் டைரக்டரி என்கிற ஒரே இடத்தில் இருக்கும், விடுதியும் வருகைப்பதிவும் நூலகமும் 'இவர் நம்மவரா' என்று அதனிடம்தான் கேட்டுக்கொள்ளும். அந்த டைரக்டரி ஆளுக்கு ஒரு முதல் பெயரும் ஒரு கடைசிப் பெயரும் கேட்டது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? நமக்கு இருப்பதெல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதான். ஆகவே பாஸ்போர்ட்டுக்கும் வங்கிக்கும் என்ன செய்வோமோ அதையே இங்கேயும் செய்து, கடைசிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எல்லோருக்கும் அப்பா பெயரை நிரப்பிவைத்தோம். புது மென்பொருளோ ஆளைத் தேடும்போது கடைசிப் பெயரை வைத்துத்தான் தேடும். தேடியது, அப்பாவைக் கண்டுபிடித்தது, உள்ளே விட்டது. அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

முதல் நாள் கொஞ்சம் கூச்சல் இருந்தது என்பது உண்மை. மென்பொருள் விற்ற ஆட்கள் சென்னையிலிருந்து போனில், "ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்" என்றார்கள். ரீஸ்டார்ட் செய்தபோது அப்பாமார் எல்லோரும் ஒரு கணம் மங்கி, திரும்பத் தெளிந்து, விட்ட இடத்திலிருந்து கொட்டாவியை முடித்தார்கள். வயரைப் பிடுங்கிச் சொருகினோம், சர்வர் கடிகாரத்தைச் சரிபார்த்தோம், டைரக்டரிக்குள் போக மென்பொருளுக்கென்று வைத்திருந்த கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவேண்டும் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் கூடிப் பேசி அப்பாமாருக்கு வரம் கொடுத்திருந்தார்கள்.

பிறகு பழகிவிட்டது. கல்லூரி கேன்டீன்காரர் பெரிய டீ பாய்லரை இறக்கினார். முதல்வர் அப்பாமாரைத் துறைவாரியாக உட்காரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார், அவர்கள் கேட்கவில்லை, கிழக்குப் பக்கத்து மின்விசிறிக்கு அடியில் எல்லோரும் மொத்தமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைக்குப் புத்தகம் வேண்டுமென்றால் தடுப்புக்கு வெளியே நின்று பெயரைச் சொல்வான், அப்பா அலமாரியில் தேடி எடுத்து, தன் கணக்கில் பதிந்து, கம்பிக்கு மேலாக நீட்டுவார். நீட்டுமுன் ஒரு கேள்வி கேட்பார். "இது எதப் பத்தி எழுதியிருக்காவ?" பிள்ளைகள் அப்பாவுக்குத் தாங்கள் படிக்கும் படிப்பை விளக்கிச் சொன்னது எங்கள் ஊரில் அப்போதுதான் முதல்முறை. கடவுச்சொல் அப்பாமாரின் விரல்களுக்குத் தானாகவே தெரிந்திருந்தது. வேதியியல் மாணவன் ஒருவன் பக்கத்து வகுப்புப் பெண்ணின் பெயரைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தான், அவனுடைய அப்பா அதை நிதானமாக அடித்துமுடித்துவிட்டுத் திரும்பி மகனை ஒரு பார்வை பார்த்தார், அவன் அந்தப் பக்கம் ஒரு வாரம் தலைகாட்டவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் யார், செத்தவர்கள் யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வியர்க்காதவர் யாரோ அவர்தான் செத்தவர், அவ்வளவுதான். சாயங்காலம் நூலகம் மூடும்போது எல்லோரும் எங்கிருந்து வந்தார்களோ அங்கேயே போய்விடுவார்கள், காலையில் திறந்ததும் திரும்ப இருப்பார்கள். கதவைத் தாண்டி வெளியே மட்டும் அவர்களால் வர முடியாது. அவர்களுக்குக் கிடைத்த அனுமதி நூலகத்துக்கு மட்டும்தான்.

அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண், மங்களமேரி. மீன் ஏலம் கூறுகிறவள். அவளுடைய மகன் அம்மா பெயரைத்தான் முன்னெழுத்தாகப் போட்டிருந்தான், ஆகவே அம்மா வந்தாள். முதல் நாளே நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, அப்பாமாரைப் பார்த்து, "வந்தது வந்திய, ஆளுக்கு ஒரு அலமாரியத் தொடச்சாவது வையுங்களேன்" என்று அதட்டினாள். நூலகர் ஜெயக்கொடி சார், அவருடைய அப்பாவும் உள்ளேதான், தடுப்புக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக் கண்கலங்கினார். அவருடைய பணிக்காலத்தில் அலமாரிகள் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இதெல்லாம் எங்களுக்கு நடந்தது. மரியஜான்சிக்கு நடந்தது வேறு.

கல்லூரியின் கணினிகளையும் டைரக்டரியையும் பார்த்துக்கொள்கிறவள் ஜான்சி. அவளுடைய அப்பா தேவசகாயம், அவள் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உப்பளத்தில் இடி விழுந்து செத்துப்போனவர். வீட்டில் அவருடைய படம்கூட இல்லை. எல்லோரையும்போல அவளும் அந்தத் திங்கட்கிழமை தன் பெயரை அடித்துப் பார்த்தாள், தடுப்புக்கு அந்தப் பக்கம் முட்டிவரை உப்பு பூத்த கால்களோடு ஓர் இளைஞர் நின்றார். ஜான்சிக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது, அவருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை.

"யக்கா, இங்கன உக்காரலாமா?" என்று அவர் அவளிடம் கேட்டார்.

ஜான்சி வாசல் கணினியின் திரையைப் பார்த்தாள். தேவசகாயம், அனுமதிக்கப்பட்டது, என்று இருந்தது.

"நான் உங்க மவ" என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்பம் பொம்பளப் பிள்ளதானா? நான் அப்பமே ஒங்கம்மைகிட்ட சொன்னேன்" என்றார், சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிக்கும்போது அவருடைய இடப்பக்கப் பல் ஒன்று ஜான்சியின் பல்லைப் போலவே கோணலாக இருந்தது.

அன்றிலிருந்து ஜான்சி தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தடுப்பை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து கம்பிக்கு மேலாகக் கொடுத்தாள். அவர் சாப்பிடுவார், சோறு குறையாது, ஆனால் ருசி பற்றி அபிப்பிராயம் சொல்வார். "கருவாட்டுக் கொழம்புல ஒங்கம்ம புளி கொறச்சிதான் விடுவா" என்பார். அம்மா இறந்தபின் புளியைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் பெற்றவர்களிடம் நன்றி என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை, சாப்பிட்டாச்சா என்று கேட்பதோடு சரி. ஜான்சி அவரிடம் ஓயாமல் அதையே கேட்டாள்.

கோளாறு எது என்பது அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். லாக் எனப்படும் பதிவு, மென்பொருள் எந்தப் பெயரை வைத்துத் தேடியது என்பதை வரிக்கு வரி சொல்லிவிடும், அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மென்பொருளின் அடியில் இருக்கும் அமைப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், பிள்ளைகள் உள்ளே போய்விடலாம், அப்பாமார் போய்விடுவார்கள். "இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்று முதல்வரிடம் சொன்னாள். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியும், நாங்களும் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கும் உள்ளே ஆள் இருந்தது.

உப்பள முதலாளிகள் முணுமுணுத்தார்கள், படகுகள் ஆளில்லாமல் கரையில் கிடந்தன, அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். பால்வண்ணன் என்கிற ஆள்தான் எங்களைப் பொறுக்கவிடவில்லை.

பால்வண்ணன் வெகுதூரத்து ஆள். அவருடைய மகள் ஆவுடைச்செல்வி எங்கள் கல்லூரியில் தாவரவியல் படித்தாள். படிப்பை நிறுத்தி, தன் வயதுக்காரர் ஒருவருக்கே அவளைக் கட்டிவைக்கத் தேதி குறித்தவர் அவர். பெல்ட்டால் அடித்த தழும்பு அவளுடைய முழங்கையில் இன்னும் இருக்கிறது. அம்மாவின் உதவியோடு வீட்டைவிட்டு ஓடிவந்து, எந்த ஊர் என்றே அவருக்குத் தெரியாமல் எங்கள் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளும்தான் அந்தத் திங்கட்கிழமை தன் பெயரை அடித்தாள்.

உள்ளே முளைத்ததுமே அவர் எழுந்து நின்று, "செல்வி எங்கே?" என்று கத்தினார். அவள் அதற்குள் ஓடிவிட்டிருந்தாள். "இது எந்த ஊரு?" என்று கேட்டார்.

மங்களமேரி மட்டும், "நூலகம். சத்தம் போடக்கூடாது" என்றாள்.

ஊர் பெயர் தெரிந்தால் மறுநாளே பஸ் ஏறி வந்து மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே அந்த மண்டபத்தில் ஒரு ஏற்பாடு தொடங்கியது. செத்தவர்களில் இரண்டு பேர் எந்நேரமும் அவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள், அவர்களுக்குத்தான் பசியும் இல்லை அலுப்பும் இல்லை. புத்தகம் கேட்டால் கல்லூரி முத்திரை இன்னும் குத்தாத புதுப் புத்தகமாகப் பார்த்துக் கொடுத்தார்கள். ஜன்னல்களை மறைத்துக்கொண்டு முதுகு அகன்ற உப்பளத்துக்காரர்கள் முறைபோட்டு நின்றார்கள். மதியம் எங்கள் ஊருக்கு வரும் பஸ் வாசலில் நிற்கும்போது நடத்துநர் ஊர் பெயரைச் சொல்லிக் கத்துவார் அல்லவா, அந்த நேரத்தில் மங்களமேரி கையை உயர்த்துவாள், உள்ளே இருக்கும் அத்தனை அப்பாமாரும் ஒன்றாக இருமத் தொடங்குவார்கள், பஸ் கிளம்பும்வரை இருமுவார்கள். ஜெயக்கொடி சார் அந்த இருமலுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

ஆனால் இருமினால் எத்தனை நாள் இருமுவது? ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இருமல் ஓய்ந்ததும் பால்வண்ணன் எழுந்தார்.

"எல்லாரும் சேந்து எங்கிட்ட நாடகம் போடுறீங்க. உப்பு வாடை அடிக்குது, கடல் சத்தம் கேக்குது. இன்னிக்கு அடுத்த பஸ் வரட்டும், ஜன்னலப் பேத்துக்கிட்டாவது போர்டப் படிக்கல, எம் பேரு பால்வண்ணன் இல்ல."

ஆவுடைச்செல்வி அப்போது ஜான்சியின் அறை வாசலில் வந்து நின்றாள். நூலகத்துப் பக்கம் அவள் வந்ததே இல்லை, புத்தகங்களுக்காகத் தோழிகளின் அப்பாமாரை நம்பியிருந்தாள்.

"அக்கா, கோளாறு என்னன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

ஜான்சியால் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியும்" என்றாள்.

செல்வி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு, "நீங்க உங்க அப்பாவுக்குச் சோறு குடுக்கிறத நான் தூரத்துல இருந்து பாத்தேன்க்கா" என்றாள். "எனக்கு அப்படி ஒரு அப்பா இருந்தா நானும் சரி பண்ண மாட்டேன். நீங்க தினமும் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பேசுங்க. நான் வேற ஊருக்குப் போயிடுறேன். எங்கயாச்சும் படிச்சுக்கிறேன்."

ஜான்சி அப்படியே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன்மேல் வந்த வெட்கத்தில்தான் அழுதாள், அதைச் சொல்லியும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த அமைப்பைத் திறந்தாள். எதையும் முதலில் ஒரே ஒரு கணக்கில் மாற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு மாற்றுவது அவளுடைய தொழில் முறை. கடைசிப் பெயரைத் தேடாதே, இவளுடைய பெயரைத் தேடு, என்று செல்வியின் கணக்குக்கு மட்டும் எழுதினாள்.

"போ. போய் ஒன் பேர அடி" என்றாள்.

செல்வி தடுப்பு வரைக்கும் நடந்தாள். நாங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். பால்வண்ணன் மகளைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஏய்!" என்று கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்து வந்தார். ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, உப்பளத்துக்காரர்கள் இருமத் தொடங்கினார்கள், செல்வி ஓர் எழுத்தை விட்டுவிட்டாள், அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள், கடவுச்சொல்லை அடித்தாள். தடுப்புக் கம்பி திறந்தது. ஓங்கிய கை கம்பிக்கு ஓர் அடி தூரத்தில் இல்லாமல் போயிற்று. கைக்குரிய ஆளும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

செல்வி உள்ளே போனாள். அப்பாமார் அவளுக்கு வழிவிட்டு நின்றார்கள். செத்துப்போன ஒருவர் தாவரவியல் அலமாரி இருக்கும் பக்கத்தைக் கையால் காட்டினார்.

சோதனை சரியாகிவிட்டது, இனி எல்லோருக்கும் மாற்றவேண்டியதுதான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மங்களமேரிதான் முதலில் பேசினாள். "வெறும் வயித்தோடயா அனுப்புவிய?" என்று கேட்டாள். அப்பாமார் வருமுன் நூலகத்துக்குள் தண்ணீர் பாட்டிலைக்கூட அனுமதிக்காதிருந்த ஜெயக்கொடி சார், பழைய செய்தித்தாள்களைத் தானே கொண்டுவந்து தடுப்பின் இரு பக்கமும் விரித்தார். கேன்டீனிலிருந்து சோறும் சாம்பாரும் வந்தது, விடுதியிலிருந்து மீன் வறுவல் வந்தது. கம்பிக்கு உள்ளே அப்பாமாரும் வெளியே பிள்ளைகளுமாக எதிரெதிரே உட்கார்ந்து அன்று நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துபோகிறது. அப்பனோடு ஒருவேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிராத பிள்ளைகள் எங்களில் பாதிப்பேர். இப்படியும் ஒரு கோளாறு எங்களுக்கென்று வாய்த்ததே என்று அதற்குக் கைகூப்பத் தோன்றியது.

சாப்பிட்டு முடித்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் கணினிக்கு வந்தார்கள். பெயரை அடித்தார்கள், எதிரே இருந்த நாற்காலி காலியானது. உயிரோடு இருப்பவர்களின் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள், சாயங்காலம் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்கள், வரிசையில் நின்ற யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. ஜெயக்கொடி சார் தன் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போய் அடித்தார்.

கடைசியில் தேவசகாயம் மட்டும் இருந்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றாள் ஜான்சி. "என் கணக்க மட்டும் மாத்தல. அத அப்படியே விட்டுறலாம்ப்பா. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க இங்கன இருக்கலாம்."

"நான் இருந்தா நீ உள்ள வர முடியுமா?"

"முடியாது. எனக்கு அது வேண்டாம்."

"ஊரையே உள்ள விட்டுட்டு நீ வாசல்லயே நிப்பியா?" என்றார் அவர். "நல்லா இருக்கு தாயி. ஒன் பேரச் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்குக் குடுத்துவைக்கல, அதுக்குள்ள போயிட்டேன். இப்பம் பாத்துட்டேன். ஒன் கையால சோறும் தின்னுட்டேன். இதுக்கு மேல ஆசப்பட்டா சாமி கண்ணக் குத்தும்."

"எனக்குப் பத்தல" என்றாள் ஜான்சி.

"பத்தாதுதான். ஆனா ஒண்ணு கேக்கேன். நீ கையெழுத்துப் போடும்போது ஒன் பேருக்கு முன்னால என்ன எழுதுவ?"

"தே."

"நான் கண்ணால பாக்காத பிள்ள, அத்தன வருசமும் எங்க போனாலும் என்னைய முன்னால விட்டுட்டுப் பின்னால வந்திருக்கு. ஒரு தடவயாவது நீ முன்னால போ. நான் பாக்கணும்."

ஜான்சி போய்த் தன் கணக்கின் வரியை மாற்றிவிட்டு வந்தாள். வாசல் கணினியின் முன்னால் நின்று தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள், அவர் கம்பியின்மேல் சாய்ந்துகொண்டு ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தார், எழுத்துக்கூட்டி முழுப் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார், நல்ல பேரு என்றார். அவள் கடவுச்சொல்லையும் அடித்துவிட்டாள். அடுத்து என்டர் பொத்தானை அழுத்த அவளுக்குக் கை வரவில்லை.

"நன்றிப்பா" என்றாள்.

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் எந்த அப்பனிடமும் சொல்லாத சொல் அது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "கிறுக்கி" என்றார். பிறகு கம்பிக்கு மேலாகக் கையை நீட்டி, உப்பு பூத்த விரலால், அந்தப் பொத்தானை அவரே அழுத்தினார்.

தடுப்புக் கம்பி திறந்தது. ஜான்சி உள்ளே போனாள்.